லிண்டிஸ் கணவாயைத் தாண்டி நின்றுபோன மோட்டார்ஹோம்: குளிர்காலத்தின் வாசலில் ஒரு சிங்கப்பூர்க் குடும்பம்

பின்னணி

ஜூன் பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில், சிங்கப்பூரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் நியூசிலாந்தின் தென் தீவுக்குச் சென்றது. கணவன், மனைவி, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகன், தொடக்கப்பள்ளி மகள், மனைவியின் தாயார் என மொத்தம் ஐந்து பேர். தாயார் எழுபது வயதைக் கடந்தவர். நீரிழிவுக்காக நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். கிறைஸ்ட்சர்ச்சில் ஆறு பேர் படுக்கக்கூடிய ஒரு டீசல் மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்து, டெக்காப்போ ஏரி, ஓமரமா, லிண்டிஸ் கணவாய், வனாக்கா வழியாக ஓட்டிச் சென்று குவீன்ஸ்டவுனில் ஒப்படைப்பது அவர்களுடைய திட்டம்.

நான் அக்குடும்பத்தின் உறவினன். பேருந்துப் பணிமனையில் வாகன மின்பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன். வண்டி நின்ற மறுநாள் காலை அவர்களிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஊர் திரும்பிய பிறகு அவர்கள் எடுத்த படங்களையும் குறிப்புகளையும் வாடகை ஒப்பந்தத்தையும் பார்த்து, அவர்களுடைய ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். ஜூன் விடுமுறையில் இதே வழியில் இதே வகை வண்டியில் போகும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் பல இருப்பதால் இது பதிவாக வேண்டும் என்று கருதுகிறேன்.

கணவர் ஓட்டுவதில் அனுபவம் மிக்கவர். நியூசிலாந்திலும் வாகனங்கள் இடப்பக்கமே செல்வதால் சாலை அவருக்குப் புதிதாகத் தோன்றவில்லை. ஆனால் அவருடைய அனுபவம் முழுவதும் உதவி எப்போதும் அருகில் இருக்கும் சாலைகளில் சேர்ந்தது. சிங்கப்பூரின் விரைவுச்சாலையில் வண்டி நின்றால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் வந்து அருகிலுள்ள வாகன நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் சென்றுவிடும். தீவின் இரு முனைகளுக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலும் சுற்றுக்காவல் வண்டிகள் உண்டு. ஓமரமாவிலிருந்து குரோம்வெல் வரை 100 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மலைச்சாலையில் இவற்றில் எதையும் எதிர்பார்க்க முடியாது.

தென் அரைக்கோளத்தில் ஜூன் 1 குளிர்காலத்தின் முதல் நாள். வண்டி நின்றது மே மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. அப்பகுதியில் அந்நாள்களில் மாலை 5 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். மறுநாள் விடிய 8 மணி ஆகும்.

முதல் அறிகுறிகள்

வியாழன் இரவை அவர்கள் டெக்காப்போ ஏரிப் பகுதியில், மின்னிணைப்பு இல்லாத ஓர் இடத்தில் கழித்தார்கள். ஹீட்டர் விடியும்வரை ஓடியது. பிள்ளைகள் இருவரும் கைப்பேசியையும் கைக்கணினியையும் மின்னேற்றிக்கொண்டார்கள். குளிர்சாதனப் பெட்டியும் இயங்கியது. மோட்டார்ஹோமில் இவை இயந்திரத்தைத் தொடங்கும் பேட்டரியிலிருந்து ஓடுவதில்லை. வீட்டுப் பகுதிக்கென்று தனியாக உள்ள பேட்டரியிலிருந்து ஓடுகின்றன. வண்டி ஓடும்போது, இயந்திரத்தால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் நிரப்புகிறது. ஆகவே, இரவில் செலவானது மறுநாள் ஓட்டத்தில் நிரம்பிவிடும் என்று வாடகை நிறுவனத்தின் ஊழியர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆல்டர்னேட்டர் நல்ல நிலையில் இருந்தால் அது சரியான தகவல்தான்.

வெள்ளிக்கிழமை பகலில், டுவைசல் ஊரைக் கடந்த பிறகு, ஓட்டுநருக்கு எதிரே உள்ள பலகையில் பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கு சிறிது நேரம் எரிந்து அணைந்தது. ஓமரமாவில் டீசல் நிரப்பிவிட்டு மீண்டும் கிளப்பியபோது அது எரிந்தது, பிறகு அணையவே இல்லை. மகன் அதைப் படம் எடுத்தான். கதவுக்கு மேலே இரு பேட்டரிகளின் மின்னழுத்தத்தையும் காட்டும் சிறு திரை ஒன்று இருந்தது. அதையும் படம் எடுத்தான். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த நிலையில் தொடக்கப் பேட்டரி 12.2 வோல்ட் என்றும் வீட்டுப் பேட்டரி 12.1 வோல்ட் என்றும் அந்தப் படம் காட்டுகிறது.

இந்த இரு எண்களும் போதுமானவை. ஆல்டர்னேட்டர் வேலை செய்யும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். சில புதிய வண்டிகளில் எரிபொருள் சிக்கனத்துக்காக அது சற்றுக் குறைவாகவும் காட்டுவதுண்டு. ஆனால் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டு, எண்ணும் 12-ஐ ஒட்டி நின்றால், மின்னேற்றம் நடக்கவில்லை என்பதில் ஐயமில்லை. ஓய்வு நிலையில் உள்ள ஈய அமிலப் பேட்டரிக்கு 12.7 என்பது நிறைவு, 12.1 என்பது ஏறக்குறையப் பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கிப் பயன்படுத்தினால் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆகவே அன்று மாலை வருவதற்கு முன்பே அவர்களுடைய இரவுக்கான கையிருப்பு பாதிக்கு வந்துவிட்டது. அது மேலும் நிரம்புவதற்கு வழியும் அடைபட்டிருந்தது.

ஓமரமாவில் எடுத்த முடிவு

இந்நிகழ்வின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது. ஓமரமா சிறிய ஊர். ஆனால் அங்கே எரிபொருள் நிலையம் உண்டு. தங்கும் விடுதிகள் உண்டு. மின்னிணைப்போடு வண்டியை நிறுத்தும் முகாம் உண்டு. கைப்பேசிச் சமிக்ஞையும் கிடைத்தது. "யாரிடமாவது காட்டிவிட்டுப் போகலாமே" என்று மனைவி சொன்னார். பேட்டரி பழையதாக இருக்கலாம், ஓட ஓட ஏறிவிடும் என்று கணவர் கருதினார். வனாக்காவில் முன்பதிவு செய்த முகாமில் மின்னிணைப்பு இருந்ததால், அங்கே போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. பிற்பகல் 3 மணிக்குச் சற்றுப் பிறகு புறப்பட்டார்கள்.

அவர் கணக்குப் போடாமல் இல்லை. வனாக்கா ஒன்றரை மணி நேரத் தொலைவு; நல்ல டீசல் வண்டி பேட்டரியை மட்டும் நம்பிச் சிறிது தூரம் ஓடும் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கணக்கில் கேட்கப்பட்ட கேள்வி "போய்ச் சேர முடியுமா" என்பது. போய்ச் சேர முடியாவிட்டால் இரவு எங்கே கழியும், எந்த வெப்பத்தில் கழியும் என்ற கேள்வி கேட்கப்படவில்லை. சாதாரணக் காரில் ஆல்டர்னேட்டர் பழுதானால் பயணம் மட்டுமே நிற்கும். மோட்டார்ஹோமில் அதோடு சேர்ந்து வீடும் நின்றுபோகிறது. ஹீட்டர், தண்ணீர்ப் பம்ப், விளக்கு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் ஒரே மூலத்தை நம்பியவை. டீசல் தொட்டி நிரம்பியிருக்கிறது, ஹீட்டர் டீசலில்தான் ஓடுகிறது, ஆகவே குளிருக்குக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். டீசல் எரிவதற்கும் காற்றைத் தள்ளும் விசிறிக்கும் மின்சாரம் வேண்டும். கேஸில் ஓடும் ஹீட்டர்களுக்கும் பெரும்பாலும் இதே நிலைதான்.

கணவாய்க்கு அப்பால்

லிண்டிஸ் கணவாய் ஓமரமாவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். உயரம் 971 மீட்டர். ஏற்றத்தில் வண்டி தடுமாறவில்லை. மேகமூட்டம் காரணமாக முகப்பு விளக்கும், கண்ணாடியில் படிந்த ஈரத்தைப் போக்கும் விசிறியும் ஓடிக்கொண்டிருந்தன. இவை இரண்டும் மின்சாரத்தை அதிகம் இழுப்பவை. கணவாயைத் தாண்டி டாரஸ் ஊர்ப் பக்கமாக இறங்கும்போது எச்சரிக்கை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பிறகு இயந்திரம் நின்றது. கணவர் பிரேக்கை விட்டு விட்டு அழுத்தாமல் ஒரே சீராக அழுத்தி, சாலையோரச் சரளைப் பகுதியில் வண்டியை நிறுத்தினார். இயந்திரம் நின்றபின் பிரேக்குக்கு உதவும் விசை ஓரிரு முறை அழுத்துவதற்கே மிஞ்சியிருக்கும், ஸ்டியரிங்கும் கனமாகிவிடும். அந்த இறக்கத்தில் அவர் நிதானமாகச் செய்தது பாராட்டத்தக்கது.

ஐந்து கைப்பேசிகளில் எதிலும் சமிக்ஞை இல்லை. நடந்து சென்று உதவி தேடலாமா என்று கணவர் யோசித்தார். இருட்டப் போகும் மலைச்சாலையில், எவ்வளவு தூரம் என்று தெரியாமல் தனியாக நடப்பதை மனைவி தடுத்தார். அது சரியான முடிவு. அவர்கள் நின்றிருந்த நெடுஞ்சாலை 8 தென் தீவின் முக்கியச் சாலைகளுள் ஒன்று. நடப்பதைவிடக் காத்திருந்தால் வண்டி வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

அடுத்து அவர்கள் செய்த ஒன்று இந்நிகழ்வில் என்னை மிகவும் கவர்ந்தது. மகள் தன் பயிற்சிப் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்துத் தர, மனைவி அதில் விவரங்களைத் தெளிவாக எழுதினார்: வண்டியின் பதிவெண், வாடகை நிறுவனத்தின் சாலையோர உதவி எண், கணவாயின் உச்சியிலிருந்து எவ்வளவு தூரத்தில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது, ஐந்து பேர், அவர்களில் இன்சுலின் எடுக்கும் மூத்தவர் ஒருவர், யாருக்கும் காயமில்லை, ஹீட்டருக்கு மின்சாரம் குறைவு. வாய்மொழியாகச் சொல்லி அனுப்பும் செய்தி வழியில் மாறிவிடும். எழுதிக் கொடுத்த செய்தி மாறுவதில்லை. முதலில் வந்த கார் நிற்கவில்லை. இரண்டாவதாக வந்த பிக்கப் வண்டி நின்றது. அதை ஓட்டி வந்தவர் அந்தப் பள்ளத்தாக்கில் ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர். தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குச் சென்று தொலைபேசியில் பேசிவிட்டு, இருட்டிய பிறகு திரும்பி வந்தார்.

அவர் கொண்டுவந்த செய்தி இதுதான்: இவ்வளவு எடையுள்ள வண்டியை இழுக்கக்கூடிய இழுவை வண்டி காலையில்தான் வரும். இரவு தம் வீட்டில் தங்கலாம் என்றும் அவர் அழைத்தார். தாயாரும் மனைவியும் மகளும் அவரோடு சென்றார்கள். கணவரும் மகனும் வண்டியிலேயே தங்கினார்கள். வண்டியை ஆளில்லாமல் விட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். ஒப்பந்தத்தை நான் வாசித்தேன். பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொள்வது போதும். கடப்பிதழ்களையும் மருந்துகளையும் எடுத்துக்கொண்டு ஐவரும் சென்றிருக்கலாம். ஒரு வாகனத்தைக் காவல் காக்கப் பதின்ம வயதுப் பையனைப் பூச்சியத்துக்குக் கீழ் இறங்கும் இரவில் வைத்திருக்க எந்த அவசியமும் இல்லை.

இரவு

வீட்டுப் பேட்டரியின் மின்னழுத்தம் குறைவதைப் பார்த்த கணவர், சிக்கனம் என்று எண்ணி ஹீட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு அணைப்பது, குளிர் தாங்காதபோது மறுபடி போடுவது என்று செய்தார். இதில் ஒரு நுட்பம் உண்டு. டீசல் ஹீட்டர் பற்றிக்கொள்வதற்காக உள்ளே உள்ள பிளக்கைச் சூடாக்கும் சில நிமிடங்களில் மட்டும் 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும்; பற்றிய பிறகு குறைந்த நிலையில் 1 அல்லது 2 ஆம்பியர் போதும். அணைத்து அணைத்துப் போட்டால் சேமிப்பதில் பெரும்பகுதி இப்படியே செலவாகிவிடும். மேலும், குளிரில் பேட்டரியின் கொள்ளளவே சுருங்கும். உறைநிலையில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையலாம். நள்ளிரவைத் தாண்டி ஒரு முறை போட்டபோது மின்னழுத்தம் சரிந்து, ஹீட்டர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. பிறகு விடியும்வரை அது இயங்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியை மாலையிலேயே அணைத்து, ஹீட்டரைக் குறைந்த நிலையில் தொடர்ந்து ஓடவிட்டிருந்தால் விடியும்வரை தாக்குப்பிடித்திருக்க வாய்ப்பு இருந்தது.

அப்போது கேஸ் அடுப்பைப் பற்றவைத்துச் சூடேற்றலாமா என்று கணவர் எண்ணினார். மகன் வேண்டாம் என்று தடுத்தான். அவன் தடுத்ததற்காக நான் மிகவும் மகிழ்கிறேன். மூடிய வண்டிக்குள் அடுப்பைக் கணப்பாகப் பயன்படுத்துவது உயிருக்கு ஆபத்து. பிராணவாயு குறையக் குறைய நெருப்பு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்குவதால், குளிரிலும் களைப்பிலும் இருப்பவர் அதைச் சோர்வு என்றே நினைத்துத் தூங்கிப்போவார். அவர்கள் சன்னலைத் திறந்துவைத்து, தண்ணீர் மட்டும் கொதிக்கவைத்துப் போத்தல்களில் நிரப்பி உறைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

அதற்கு அவர்கள் முதலில் எடுத்தது, மேசையிலேயே கொதிக்கவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட்டுக்காக நம் வீடுகளில் வைத்திருப்பது போன்ற, சிறு கேஸ் குப்பி பொருத்தும் அடுப்பு. அது சரியாக எரியவில்லை. அக்குப்பிகளில் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன்; அதன் கொதிநிலை பூச்சியத்துக்கு அரை டிகிரி கீழே. அந்தக் குளிரில் அது குப்பிக்குள்ளேயே திரவமாகக் கிடந்துவிடும். வண்டியோடு வந்த பெரிய உருளையில் புரோப்பேன் கலந்திருந்ததால் அது எரிந்தது.

பண்ணை வீட்டில் மனைவிக்கு வேறு கவலை. இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டியது என்பதால், குளிரில் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். உண்மையில் உறைந்த இன்சுலினைக் கரைத்தாலும் பயன்படுத்தக் கூடாது. வண்டியை விட்டு இறங்கும்போதே மருந்துப்பையைத் தாயாரின் மேலாடைக்குள் வைத்து எடுத்துச் சென்றிருந்தார். இரவு தாயார் நடுங்கினார். பேச்சு சற்றுக் குழறியது. உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் இப்படித்தான் இருக்கும். சர்க்கரை தாழ்ந்தாலும் இப்படித்தான் இருக்கும். குளிரால் என்று எண்ணிப் போர்த்திப் படுக்கவைப்பது எளிது. மனைவி அப்படிச் செய்யாமல் சர்க்கரையைச் சோதித்தார். சில்லிட்டிருந்த கருவி முதலில் பிழை காட்டியது. அதைக் கைக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகே எண் வந்தது. சர்க்கரை தாழ்ந்திருந்தது. மதியத்துக்குப் பிறகு யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பண்ணைக்காரரின் மனைவி தந்த இனிப்பான தேநீரும் ரொட்டியும் அரை மணி நேரத்தில் நிலைமையைச் சீராக்கின. தேறாவிட்டால் உடனே அவசர உதவி எண்ணான 111-ஐ அழைப்பது என்று முடிவு செய்து, தொலைபேசி அருகிலேயே மனைவி அமர்ந்திருந்தார்.

நீண்ட வார இறுதி

சனிக்கிழமை காலை இழுவை வண்டி வந்து மோட்டார்ஹோமைக் குரோம்வெல்லுக்குக் கொண்டுசென்றது. பெல்ட் நன்றாக இருந்தது, ஆல்டர்னேட்டர்தான் செயலிழந்திருந்தது. ஜூன் முதல் திங்கள் நியூசிலாந்தில் மன்னர் பிறந்தநாள் பொது விடுமுறை. உதிரிப்பாகம் செவ்வாய்க்கு முன் வராது என்று பணிமனையில் கூறினார்கள்.

நான் இங்கே சிங்கப்பூரில் காலை உணவுக்கு உட்கார்ந்தபோது அவர்களுடைய அழைப்பு வந்தது. அங்கே அப்போது நண்பகல்; நியூசிலாந்து நேரம் நமக்கு 4 மணி நேரம் முந்தியது. அவர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. குவீன்ஸ்டவுனிலிருந்து மறுநாள் வரக்கூடிய சற்றுச் சிறிய மாற்று மோட்டார்ஹோமை ஏற்பது ஒன்று. மீதி நாள்களுக்கு வாடகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, சாதாரணக் காரில் விடுதிகளில் தங்கிச் செல்வது மற்றொன்று. பிள்ளைகள் மோட்டார்ஹோமையே விரும்பினார்கள். தாயாரை முன்னிட்டு இரண்டாவது வழியே நல்லது என்று நான் சொன்னேன். மனைவியும் அதையே ஏற்கெனவே தீர்மானித்திருந்தார். அந்த வாரத்தின் எஞ்சிய நாள்கள் அமைதியாகக் கழிந்தன.

பணமும் ஒப்பந்தமும்

பேட்டரி காலியானது பயணிகள் விளக்கை அணைக்காமல் விட்டதால் இருக்கலாம் என்று நிறுவனம் முதலில் எழுதியது. அப்படியானால் செலவு வாடகைக்கு எடுத்தவரையே சேரும். ஓமரமாவில் மகன் எடுத்த படம், இயந்திரம் ஓடும்போதே மின்னேற்றம் நடக்கவில்லை என்பதைக் காட்டி அந்தக் கேள்வியை முடித்துவைத்தது. அதே படம் எதிராகவும் திரும்பியிருக்கலாம்; சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் நிறுத்தி அழைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது. இயந்திரத்துக்குச் சேதம் ஏற்பட்டிருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும். இழுவைச் செலவையும் பழுதுச் செலவையும் நிறுவனம் ஏற்று, பயன்படுத்தாத நாள்களுக்கான வாடகையைத் திருப்பித் தந்தது. முன்கூட்டி ஒப்புதல் பெறவில்லை என்று காட்டிக் குரோம்வெல் விடுதியின் முதல் இரவுக் கட்டணத்தை மறுத்தது. சிங்கப்பூரில் வாங்கிய பயணக் காப்புறுதியும் அதை ஏற்கவில்லை. அவர்களுடைய பத்திரத்தில் பயணத் தாமதம் என்பது விமானம், ரயில் போன்ற பொதுப் போக்குவரத்துக்கு மட்டுமே பொருந்துவதாக இருந்தது.

இனி மாற வேண்டியவை

சிவப்பு விளக்கு எரிந்த ஊரிலேயே பயணத்தை நிறுத்துவது முதன்மையானது. ஓமரமாவில் நிறுத்தியிருந்தால், உதிரிப்பாகம் அப்போதும் செவ்வாய்க்குத்தான் வந்திருக்கும். ஆனால் ஐந்து பேரும் மின்னிணைப்போடு, வெப்பத்தோடு, தொலைபேசிக்கு எட்டும் தூரத்தில் காத்திருந்திருப்பார்கள். பழுது அதேதான், இரவு மட்டும் வேறாக இருந்திருக்கும். மே இறுதிக்குப் பிறகு அப்பகுதியில் ஓட்டுபவர்கள், மலைச்சாலையில் ஏறுவதற்கு முன் கடைசி ஊரில் இரு பேட்டரிகளின் எண்ணையும் இயந்திரம் ஓடும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். 13-க்குக் கீழே இருந்து, விளக்கும் எரிந்தால், நேரம் பிற்பகல் ஆகியிருந்தால், ஏறக் கூடாது.

வண்டியை எடுக்கும்போதே, அந்தத் திரை எங்கே இருக்கிறது, ஹீட்டருக்கு எந்தப் பேட்டரி, சனிக்கிழமை இரவில் உதவி எண்ணை யார் எடுப்பார், எவ்வளவு தொகைக்கு மேல் முன் ஒப்புதல் வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பனியில் சக்கரம் வழுக்காமல் இருக்க மாட்டும் பனிச்சங்கிலியைப் போடுவதைச் செய்து காட்டச் சொல்வதும் நல்லது. அக்குடும்பத்தின் வண்டியில் சங்கிலி இருந்தது. எப்படிப் போடுவது என்று யாருக்கும் தெரியாது. நியூசிலாந்துப் போக்குவரத்து ஆணையத்தின் இணையப்பக்கத்தில் கணவாய்ச் சாலைகளின் அன்றன்றைய நிலையைக் காலையிலேயே பார்த்துவிடலாம்.

குளிர்காலத்தை ஒட்டி மூத்தவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர்கள், ஓர் இரவு விட்டு ஓர் இரவாவது மின்னிணைப்புள்ள முகாமில் தங்குவது என் பரிந்துரை. கட்டணம் சற்றுக் கூடும். ஆனால் வீட்டுப் பேட்டரி நிறைந்த நிலையில் மலைமேல் போவீர்கள். இன்சுலினும் சர்க்கரை சோதிக்கும் கருவியும் பெட்டியிலோ வண்டியின் அலமாரியிலோ இருக்கக் கூடாது; உடுப்புக்குள், உடலை ஒட்டி இருக்க வேண்டும். இன்சுலினைச் சமமாகப் பிரித்து இருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.

அவ்வீட்டார் அடுத்த ஆண்டு அதே வழியில் மீண்டும் செல்லத் தீர்மானித்திருக்கிறார்கள். இம்முறை மார்ச் விடுமுறையில், கார் எடுத்து, பகல் 2 மணிக்குள் அன்றன்றைய ஓட்டத்தை முடித்துக்கொள்ளும்படி திட்டமிட்டிருக்கிறார்கள். பண்ணைக்காரரின் வீட்டுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டார் மனைவி.